உலோகம் பேசிய பேச்சு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் மாமாவும் நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. எத்தனையோ தடவை போன் செய்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மாமாதான் எடுக்கிறார். "அவ காதுல வாங்க மாட்டேங்கிறாப்பா, நான் சொல்லிடறேன்" என்று வைத்துவிடுகிறார். அது கோபமா, நிஜமாகவே காது கேட்கவில்லையா என்று எனக்குப் புரியவில்லை. அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் கையால் எழுதுகிற முதல் கடிதம் இது. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

அன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்ததைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். இது உன் இடுப்பைப் பற்றி.

உனக்கு வைத்தோமே செயற்கை மூட்டு, உலோகக் கிண்ணத்துக்குள் உலோக உருண்டை, அந்த மாடலை எங்கள் கம்பெனி திரும்பப் பெறுகிறது. போன திங்கட்கிழமை எங்களை எல்லாம் அறையில் உட்காரவைத்துச் சொன்னார்கள். நடக்க நடக்க உருண்டையும் கிண்ணமும் உரசி, கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர்கிறதாம். அந்தத் தூள் ரத்தத்தில் கலக்கிறதாம். எல்லாருக்கும் ஆபத்து இல்லை, சிலருக்குத்தான் என்றார்கள். அந்தச் சிலருக்கு என்னென்ன வரும் என்று திரையில் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். காதில் இரைச்சல். நாக்கில் உலோகச் சுவை. கை நடுக்கம். காரணமில்லாத எரிச்சல்.

எனக்கு உடனே உன் கை ஞாபகம் வந்தது. நீ எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, அக்காவுக்கு வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உடனே போய் ரத்தம் கொடு. அந்தத் தூளில் இருக்கிற கோபால்ட் உலோகம் ரத்தத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கச் சொல். எந்த லேபுக்குப் போக வேண்டும் என்று மாமாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். பிடிவாதம் பிடிக்காதே.

உன் தம்பி

*

ஜனவரி 17

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. கோழி கிறுக்கிய மாதிரி இருந்தாலும் படித்துவிட்டேன்.

போனை எடுக்காதது கோபத்தால் மட்டும் இல்லையடா. காதுக்குள் எந்நேரமும் குக்கர் விசில் அடிக்கிறது. அடுப்பை அணைத்தாலும் நிற்காத விசில். அதற்கு நடுவில் உன் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று கேட்டு, அதற்கும் ஒரு சண்டை வர வேண்டாம் என்றுதான்.

சுவையா? நாக்கில் சில்லறையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. எதற்கும் உப்பே இல்லாத மாதிரி தோன்றுகிறது, அள்ளிப் போடுகிறேன். உன் மாமா பாவம், ஒரு வாய் சாப்பாடு, ஒரு மடக்குத் தண்ணீர் என்று மருந்து குடிப்பது போல் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்று எழுந்து போகிறார். இப்படி ஒரு பொய்யரைக் கட்டிக்கொண்டேன்.

அறுபதை நெருங்கும்போது உடம்பு நாலு சத்தம் போடத்தான் செய்யும். பழைய வண்டி சத்தம் போட்டால் உடனே எஞ்சினையா பிரிப்போம்? இத்தனை வருஷமாக டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்குத் தெரியாதா?

நேராகவே கேட்கிறேன். அன்று கிளம்பும்போது நீ வாசல் வரைகூட வரவில்லை. உன் வீட்டுக்காரி அறையை விட்டே வரவில்லை. இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது இந்த அக்கறை? நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? குழந்தை காய்ச்சலில் சாப்பாட்டு மேஜையில் தலையைச் சாய்த்துத் துவண்டு கிடக்கிறாள். உன் டீச்சரம்மா பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள். நான் போய் நெற்றியைத் தொட்ட பிறகுதான் அவளுக்கே தெரிகிறது. "பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று வாய் தவறி வந்துவிட்டது. அதற்கு ஒரு குடும்பமே முகத்தைத் திருப்பிக்கொள்ளுமா?

ரத்தமெல்லாம் கொடுக்க மாட்டேன். இருக்கிறது இருக்கட்டும்.

அக்கா

*

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டாய், அதனால் எழுதுகிறேன். தன்னைத் தத்தெடுத்தது அன்று வரை குழந்தைக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் வளரட்டும், நாங்களே பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லலாம் என்று இருந்தோம். உனக்கும் அது தெரியும். நீ கிளம்பின பிறகு காய்ச்சலோடு எழுந்து வந்து, "அப்ப என்னைப் பெத்தது யாரும்மா?" என்று கேட்டாள். சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொன்னோம். அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால், "எடுத்துக்கலாமா?" என்று கேட்கிறாள். அவள் வீட்டில், அவள் பாலை. எங்கள் வாலு முன்பெல்லாம் என்ன அட்டகாசம் செய்வாள் என்று உனக்குத் தெரியும். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் உன் டீச்சரம்மா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறாள்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. இதிலும் என் கை இருக்குமோ என்ற பயம் எனக்கு.

தூள் ரத்தத்தில் கலந்தால் என்ன ஆகும் என்று கம்பெனிக் கூட்டத்தில் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். நம் உடம்பில் சில செல்கள் இருக்கின்றன. தெரியாத பொருள் எது உள்ளே வந்தாலும் விழுங்கிவிட வேண்டும், அதுதான் அவற்றின் வேலை. கிருமி என்றால் விழுங்கி, உள்ளே இருக்கிற அமிலத்தில் கரைத்துவிடும். உலோகத் தூளையும் கிருமி என்று நினைத்து அப்படியே விழுங்குகின்றன. அமிலம் பட்டதும் உலோகம் கொஞ்சமாகக் கரையும், அந்தக் கரைசல்தான் விஷம். விழுங்கிய செல் செத்துப்போகும். செத்ததும் உள்ளே இருந்தது எல்லாம் வெளியே கொட்டும். அதை விழுங்க அடுத்தது வரும். அதுவும் சாகும். இப்படிச் செத்தவை எல்லாம் சேர்ந்து மூட்டைச் சுற்றிக் கட்டியாகும். கரைந்தது ரத்தத்தோடு காது, இதயம், மூளை என்று சுற்றும். சிறுநீரகம் முடிந்தவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் நீ எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் புதுத் தூள் உதிர்ந்துகொண்டே இருக்குமே!

உன் டாக்டர் முதலில் பிளாஸ்டிக் கிண்ணம்தான் சொன்னார். நினைவிருக்கிறதா? நான்தான் நடுவில் புகுந்தேன். "பிளாஸ்டிக் தேயும்க்கா. இது ஆயுசுக்கும் உழைக்கும். என் அக்காவுக்கு மட்டமானதையா வைக்க விடுவேன்?" என்றேன். மூட்டு விற்கிற கம்பெனி ஆளாக ஆபரேஷன் தியேட்டருக்குள் நின்று, பெட்டியைப் பிரித்து, அளவு பார்த்து டாக்டர் கையில் கொடுத்தது நான். அன்று எனக்கு அவ்வளவு பெருமை.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ரத்தம் மட்டும் கொடுத்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

*

பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

ரத்தம் கொடுத்தேன். நீ கெஞ்சியதற்காக இல்லை. பயந்துபோய்க் கொடுத்தேன்.

என்னிடம் வண்டி பழக ஒரு பெண் வருகிறாள். சோடாபுட்டிக் கண்ணாடி, ஸ்டியரிங்கைப் பிடித்தால் வேர்த்துக் கொட்டும். போன வாரம் அவளை மெயின் ரோட்டுக்குத் திருப்பச் சொன்னேன். வலது பக்கம் லாரி வந்திருக்கிறது, ஹாரனும் அடித்திருக்கிறது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "போ போ, என்ன தயங்கறே" என்று அதட்டுகிறேன். அவள் என் பேச்சைக் கேட்காமல் பிரேக்கை மிதித்தாள். லாரி எங்கள் மூக்கை உரசிக்கொண்டு போனது. அப்புறம் அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "மேடம், உங்களுக்கு நிஜமாவே கேக்கலையா?" என்றாள். அந்த ஹாரனைக் கேட்டிருக்க வேண்டியது நான். வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு அழுதேன். அன்றோடு வகுப்பை நிறுத்திவிட்டேன்.

நீ பயந்ததுதான். கோபால்ட் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருக்கிறது. ஸ்கேனில் மூட்டைச் சுற்றிக் கட்டி மாதிரி தெரிகிறதாம். திரும்பத் திறந்து, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வேறு வைக்கப்போகிறார்கள்.

இதெல்லாம் கெட்ட செய்தி. ஆனால் தம்பி, கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. சிரிக்காதே. காரணமில்லாத எரிச்சல் இதனால் வரலாம் என்று நீதானே எழுதியிருந்தாய். அப்படியென்றால் அன்று அந்த மேஜையில் பேசியது நான் இல்லையே. உள்ளே இருந்த உலோகம் பேசியிருக்கிறது. உன் டீச்சரம்மாவிடம் சொல். குழந்தை பெரியவளானதும் அவளிடமும் சொல். "அத்தை கெட்டவ இல்ல, அத்தைக்கு ரத்தத்துல விஷம் கலந்திருந்துச்சு" என்று சொல்.

அக்கா

*

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை டீச்சரம்மாவிடமே கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "பாவம் அண்ணி. நோய்தான் பேசியிருக்கு. அவங்களைத் தப்பா நினைச்சுட்டேன்" என்றாள். உன்னை மன்னித்துவிட்டதாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். இனி உனக்கு அந்தக் கவலை வேண்டாம்.

நான் வேலையை விட்டுவிட்டேன். மேனேஜர், "உன் தப்பு என்னய்யா இதுல, நீயா டிசைன் பண்ணின?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் நினைப்பது இதுதான். உன் காதைக் கெடுத்தது நான். உன் வேலையைப் பிடுங்கியது நான். லாரிக்கு முன்னால் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தியது நான். அன்று நீ பேசவில்லை, உலோகம் பேசியது என்றால், அதையும் உன் வாயில் வைத்தது நான்தானே? பிரிட்ஜுக்கு முன்னால் நின்று குழந்தை, "எடுத்துக்கலாமா?" என்று கேட்கும்போது, அவளை அப்படிக் கேட்க வைத்தது என் கையால் கொடுத்த பெட்டி. இதிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிற்கிறேன். சாப்பாடு இறங்குவதில்லை. உன் டீச்சரம்மாவும் என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வருகிறாள்.

ஆபரேஷனுக்கு வருகிறேன். இந்தத் தடவை வெளியேதான் உட்கார்ந்திருப்பேன்.

தம்பி

*

ஏப்ரல் 18

அன்புத் தம்பிக்கு,

நீ வந்து ஆஸ்பத்திரி நடையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மாமா சொன்னார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூட ஆறவைத்துத் திருப்பிக் கொடுத்தாயாம். இளைத்துத் துரும்பாகிவிட்டாய். மயக்கம் தெளிந்து உன்னைப் பார்த்தபோது, ஆபரேஷன் எனக்கா உனக்கா என்று நினைத்தேன்.

உள்ளே இருந்தது கறுப்பாகக் கூழ் மாதிரி வந்ததாம். புது மூட்டுக்குப் பிளாஸ்டிக் கிண்ணம்தான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். ரத்தத்தில் அளவு மளமளவென்று இறங்கிவிட்டது. சுவை வந்துவிட்டது. நேற்று என் சமையலை நானே சாப்பிட்டுப் பார்த்துத் துப்பினேன், உன் மாமா கைதட்டினார். கை நடுக்கம் இல்லை, எழுத்தைப் பார்த்தால் தெரியும். காது மட்டும் முழுசாக வராது போலிருக்கிறது. போகட்டும்.

இப்போது சொல்லப்போவதைப் பொறுமையாகப் படி.

போன வாரம் டாக்டரிடம் நானே கேட்டேன். "டாக்டர், நான் ஒருத்தரை மனசு நோகப் பேசிட்டேன். அது இதனாலதானே?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "காது, நாக்கு, நடுக்கம், இதுக்கெல்லாம் நான் உறுதியா சொல்றேன். எரிச்சல்கூட இருந்திருக்கலாம். ஆனா எரிச்சல் வந்தா யாரும் எதை வேணும்னாலும் பேசலாம்மா. எந்த வார்த்தை பேசினீங்கன்னு ரத்தப் பரிசோதனையில வராது" என்றார்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரைப் படிக்கப் போனார். "என்ன, ஒண்ணும் சொல்லலையே?" என்றேன். பேப்பரைத் தாழ்த்தாமலே, "அந்த வார்த்தையை நீ முன்னாடியும் சொல்லியிருக்கே" என்றார்.

சொல்லியிருக்கிறேன். நீங்கள் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் பூப்போட்ட கவுன் வாங்கிவந்தேன், தூக்கிக் கொஞ்சினேன், போட்டோவுக்குச் சிரித்தேன். திரும்பி வரும் வழியில் காரில் மாமாவிடம், "யார் ரத்தமோ, என்ன ரத்தமோ. பெத்த பாசம் இதுக்கு வரவா போகுது" என்றேன். அப்போது என் இடுப்பில் எலும்புதான் இருந்தது.

அந்த நினைப்பு அங்கேயே இருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவை உங்கள் வீட்டுக்கு வரும்போதும் டீச்சர் தப்புச் செய்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். காய்ச்சல் நெற்றியைத் தொட்டபோது எனக்குக் கவலை வந்தது நிஜம். கவலையோடு ஒரு சந்தோஷமும் வந்தது. பார்த்தாயா, நான் அன்றைக்கே நினைத்தேனே என்று. அந்தச் சந்தோஷத்தில்தான் பேசினேன். வாயைத் திறந்துவிட்டது உலோகமாக இருக்கலாம். உள்ளே இருந்தது என் சரக்கு.

இதை நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். மன்னிப்பு கிடைத்துவிட்டது, பழியை எடுத்துக்கொள்ள நோய் இருக்கிறது, யாரும் கேட்கப்போவதில்லை. இரண்டு மாதமாக அப்படித்தான் சுகமாக இருந்தேன். ஆனால் நான் இறக்கிவைத்த மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அந்த நடையில் உட்கார்ந்திருந்தது நீ. நான் திருந்திவிட்டேன் என்று சொல்லவில்லை. உன்னைப் பார்க்கத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

மூட்டு உன்னுடையது. நம்பி வைத்தாய், தப்பாகிவிட்டது, அதற்கு நீ வருத்தப்படு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எனக்கும் உன்மேல் கோபம் உண்டு, காதில் விசில் அடிக்கிறபோதெல்லாம் வரும். அந்தப் பேச்சு மட்டும் என்னுடையது. அதைத் திருப்பிக் கொடு.

இந்தக் கடிதத்தை டீச்சரிடம் காட்டு. பாதியை மடித்துவைத்துக் காட்டாதே. முழுசாகக் காட்டு.

அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

காட்டினேன். காட்ட வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். நடுவில் ஒரு வாரம் கடிதம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. எப்படியோ ஒட்டிக்கொண்ட உறவை நாமே ஏன் பிய்க்க வேண்டும் என்று தோன்றியது. அப்புறம் கொடுத்துவிட்டேன்.

படித்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கழுவிவைத்த பாத்திரத்தை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். மறுநாள் தாள் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல் பேச ஆரம்பித்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு எழுதச் சொன்னேனே, அது மன்னிப்பே இல்ல. நோயாளிமேல எப்படிக் கோபப்படறதுன்னு தெரியாம சொன்னது. உள்ளுக்குள்ள அப்படியேதான் இருந்துச்சு. கோபப்படக்கூடாதுன்னு என்னையே திட்டிக்கிட்டேன். இப்ப நல்லா கோபம் வருது. அவங்கமேலயே வருது."

ஒரு தாளைத் திருத்தி முடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்துக்கொண்டே, "ஆனா மனசுல இப்படி நினைச்சேன்னு இதுவரைக்கும் யாரும் என்கிட்ட ஒத்துக்கிட்டதில்ல. எங்கம்மா வீட்டுலயும் இப்படித்தான் நினைக்கிறாங்க. சிரிச்சுக்கிட்டே கவுன் வாங்கிக் கொடுக்கிறாங்க" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணியை வரச் சொல்லுங்க. நான் சமைச்சுப் போடறேன், பேசறேனான்னு தெரியாது. என்கிட்ட மன்னிப்பு கேக்க வேண்டாம். குழந்தைகிட்ட கேக்கணும். ரத்தம், விஷம்னு கதை சொல்லக்கூடாது."

என்னைப் பற்றியும் சொல்கிறேன். நீ உன் பங்கை எடுத்துக்கொண்டதும் என் பங்கு என்னவென்று எனக்குத் தெரிந்தது. அது ஒன்றும் சின்னது இல்லை. உனக்கு மட்டுமா நான் பெட்டி பிரித்துக் கொடுத்தேன்? தியேட்டரில் நின்று இதே மூட்டைக் கொடுத்த பலருடைய முகம் நினைவில் இருக்கிறது. உனக்காக அழுதுகொண்டிருந்ததில் அவர்களை மறந்தே போயிருந்தேன். கம்பெனி அனுப்பின நோட்டீஸ் பாதிப் பேருக்குப் புரியவில்லை. அந்தந்த டாக்டர்களிடம் கேட்டு, சம்மதித்தவர்கள் வீட்டுக்கு நேரில் போய், ரத்தம் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் காபி கொடுத்தார். ஒருவர் வெளியே போடா என்றார். இரண்டு வீட்டிலும் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தேன்.

எப்போது வருகிறாய்?

தம்பி

*

மே 12

அன்புத் தம்பிக்கு,

வருகிற சனிக்கிழமை வருகிறேன். டாக்டர் பயணம் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். மாமா தானும் வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். அவர் வந்தால் நான் அவர் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

டீச்சரிடம் சொல், பேச வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். கோபத்தோடு எனக்காக அடுப்படியில் நிற்க வேண்டாம். கடையில் ஏதாவது வாங்கிக்கொள்ளலாம்.

குழந்தையிடம் என்ன சொல்வது என்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன். பெரியவர்களிடம் பேசுகிற மாதிரி வருகிறது. சுற்றி வளைத்தால் கடைசியில் அவளே எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அது கூடாது. அதனால் சுருக்கமாக முடிவு செய்திருக்கிறேன். "அன்னைக்கு அத்தை உங்கம்மாவைப் பத்திச் சொன்னது பொய். தெரிஞ்சே சொன்னேன். தப்பு." அவ்வளவுதான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால் பதில் சொல்கிறேன். கேட்காமல் விளையாடப் போய்விட்டால் பின்னாலேயே போய்த் தொந்தரவு செய்ய மாட்டேன். காது சரியாகக் கேட்காது, இடது காதுதான் தேவலை, அவளை என் இடது பக்கமாக வந்து பேசச் சொல்.

அக்கா